ஒப்புக்கொடுப்பவன் கோழையா? ஆண்கள் கேட்ட கேள்விகள்

ஆண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் நடத்துகிறவன் என்பதால் என்னிடம் வந்து சேர்ந்த கேள்விகள் இவை. கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். பதில்களில் கடுமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, வேலை போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. "எல்லாவற்றையும் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள் சபையில். கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறார்களா? கையாலாகாதவன் பேச்சாக அல்லவா இருக்கிறது?

உட்காரச் சொல்லியிருந்தால், சொன்னவர் வேதத்தில் நெகேமியா புத்தகத்தை வாசித்ததில்லை. எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது எதிரிகள் கூட்டுச் சேர்ந்து வருகிறார்கள். கட்டுகிறவர்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணுகிறார்கள், இராப்பகலும் காவலும் வைக்கிறார்கள். நான்காம் அதிகாரம் ஒன்பதாம் வசனம். ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கிறது. ஒரு கையில் வேலை, மறு கையில் ஆயுதம். 52 நாளில் அலங்கம் முடிந்தது.

விண்ணப்பம் அனுப்புவது உங்கள் வேலை, அதை விடாதீர்கள். அதற்கு வரப்போகும் பதிலைத்தான் ஒப்புக்கொடுக்க வேண்டும். "வேலை இல்லையென்றால் எனக்கு என்ன மதிப்பு" என்ற எண்ணத்தையும் கூடவே அவரிடம் வைத்துவிடுங்கள். சம்பளம் நின்றதைவிட அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன்.

கேள்வி: சொந்தத் தொழில் செய்கிறேன். பத்துப் படி முன்னால் யோசித்துத்தான் இந்த இடத்துக்கு வந்தேன். திட்டமிடுவது தேவன் கொடுத்த வரம் அல்லவா? அதை ஏன் விட வேண்டும்?

உங்களுக்காகவே எழுதியதுபோல ஆதியாகமம் 32 இருக்கிறது. யாக்கோபைவிடப் பெரிய திட்டக்காரனை வேதத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். முன்பு தான் ஏமாற்றிய அண்ணன் ஏசா 400 பேருடன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் என்ன செய்கிறான் பாருங்கள். கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறான். ஒன்று அழிந்தால் மற்றொன்று தப்பட்டும் என்று கணக்கு. நடுவில் உருக்கமான ஒரு ஜெபம். பிறகு காணிக்கை: 200 வெள்ளாடுகள், 20 கடாக்கள், 200 செம்மறியாடுகள், கறவை ஒட்டகங்கள், பசுக்கள், கழுதைகள். மந்தைக்கும் மந்தைக்கும் நடுவே இடம் விடச் சொல்கிறான். ஏசாவின் கோபம் தவணை முறையில் ஆற வேண்டுமாம்! ஒவ்வொரு வேலைக்காரனுக்கும் சொல்ல வேண்டிய வசனத்தையும் மனப்பாடம் செய்து கொடுக்கிறான். இத்தனையும் முன்னால் போகிறது. பிள்ளைகளும் மனைவிகளும் ஆற்றைக் கடக்கிறார்கள். யாக்கோபு மட்டும் பின்னால் தங்கிவிடுகிறான்.

அந்த இரவில்தான் ஒருவர் அவனோடு போராடுகிறார், தொடைச்சந்தைத் தொடுகிறார். விடியும்போது நொண்டி நடக்கிறான். அடுத்த அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தைக் கவனியுங்கள்: அவன் எல்லாருக்கும் முன்னாகப் போகிறான். நல்ல காலோடு இருந்தபோது எல்லாரையும் முன்னால் அனுப்பியவன், கால் போன பிறகு தானே முன்னால் நடக்கிறான். ஒப்புக்கொடுத்ததால் வரும் பலம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அதற்கு முந்தைய வசனத்தில் ராகேலையும் யோசேப்பையும் கடைசி வரிசையில் பத்திரமாக நிறுத்தியிருக்கிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திட்டமிடும் குணம் ஒரே இரவில் போய்விடவில்லை. உங்களுக்கும் போகாது, போகவும் வேண்டாம். திட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் போக வேண்டும்.

கேள்வி: ஞாயிறு ஆராதனையில் கண்ணீரோடு ஒப்புக்கொடுக்கிறேன். திங்கட்கிழமை பழைய ஆளாகிவிடுகிறேன். என் அர்ப்பணிப்பு பொய்யா?

பொய் இல்லை. கெத்செமனேயில் இயேசுவே மூன்று தரம் அதே ஜெபத்தைச் செய்தார். "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று முதல் தரமே சொல்லிவிட்டார். ஆனாலும் திரும்ப வந்து திரும்ப ஜெபித்தார். லூக்கா 9:23-இல் சிலுவையை "அனுதினமும்" எடுக்கச் சொல்கிறார். திங்கட்கிழமையும் அதில் அடங்கும். ஞாயிற்றுக்கிழமைக் கண்ணீரை அளவுகோலாக வைத்துக்கொள்வதை மட்டும் நிறுத்துங்கள்.

கேள்வி: வீட்டுக்குத் தலைவன் புருஷன் என்று வேதம் சொல்கிறது. நான் தேவனுக்குக் கீழ்ப்படிகிறேன். என் மனைவி எனக்குக் கீழ்ப்படிய வேண்டும் அல்லவா?

எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் மனைவிக்கு எழுதிய வசனம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கிறது. உங்களுக்கு எழுதியதை வாசியுங்கள். 21-ஆம் வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. 25-ஆம் வசனம், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியிடம் அன்புகூரச் சொல்கிறது. அதைச் செய்துவிட்டு மீண்டும் கேளுங்கள். அப்போது கேட்கத் தோன்றாது.

கேள்வி: யாருக்கும் தெரியாத ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. தேவனிடம் அறிக்கை செய்துவிட்டேன். மனிதரிடமும் சொல்ல வேண்டுமா?

வேண்டும். ஒரே ஒருவரிடம், வாயை அடக்கத் தெரிந்தவரிடம். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறது யாக்கோபு 5:16. மன்னிப்பை அந்த நண்பர் தரப்போவதில்லை. ஆனால் பழக்கம் இருட்டில்தான் பிழைக்கிறது. குடியோ போதைமருந்தோ என்றால் மருத்துவரையும் பாருங்கள். பல நாள் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதைத் தனியாகச் சமாளிப்பது விசுவாசம் ஆகாது.

கேள்வி: சோர்ந்துபோய்விட்டேன். ஜெபிக்கவும் தெம்பில்லை.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவு கேட்டபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடச் சொன்னான். மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஜெபம் அப்புறம் வரட்டும். தூங்குங்கள், சாப்பிடுங்கள். வாரக்கணக்கில் இப்படியே இருந்தாலோ, உயிர்வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினாலோ, இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: வேதத்துக்கு வெளியே ஓர் உதாரணம் சொல்லுங்கள், போர்வீரன் மாதிரி ஆள்.

ஸ்பெயின் நாட்டுப் போர்வீரராக இருந்த லொயோலா இஞ்ஞாசியார். 1521-இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை நொறுக்கியது. எலும்பு கோணலாகச் சேர்ந்து துருத்திக்கொண்டு நின்றது. அழகான பூட்ஸ் போட முடியாதே என்று, மயக்கமருந்து இல்லாத அந்தக் காலத்தில் அந்த எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார்! அவ்வளவு வீம்பு. படுக்கையில் கிடந்தபோது கிறிஸ்துவின் வாழ்க்கையையும் புனிதர்களின் கதைகளையும் வாசித்து மாறினார். மறு ஆண்டு மொன்செராத் மடத்தில் வாளைக் கழற்றி வைத்தார். பிடிவாதம் அவரைவிட்டுப் போகவில்லை, எஜமான்தான் மாறினார். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபை அந்தப் பிடிவாதத்தில் பிறந்தது.

கேள்வி: என் மகனின் நோய்க்காக உபவாசித்து ஜெபித்தேன். குணமாகவில்லை. இதற்கு மேல் எதை ஒப்புக்கொடுப்பது?

சகோதரரே, உங்கள் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் அவர்களைப் பவுலிடம் அனுப்புங்கள். தன் மாம்சத்தில் ஒரு முள் இருப்பதாகச் சொல்லி, அந்த வேதனையை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டவர் அவர். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் கிடைத்தது. ஒரு தகப்பனுக்கு இந்த வசனத்தைச் சட்டென்று நீட்ட எனக்கே மனம் வரவில்லை. பவுல் தன் உடம்பைப் பற்றிக் கேட்டார், நீங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறீர்கள். நீங்கள் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. கோபம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்டது 13-ஆம் சங்கீதமாக வேதத்திலேயே இருக்கிறது.

கேள்வி: மனைவி முன்னால் அழலாமா?

இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு ஊரார் பார்க்க அழுதார். தாராளமாக அழுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் பயந்துபோவார்.