பொத்தானை அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்

மாமா, என் மகனுக்கு 19 வயது. கீபோர்டு யாரிடமும் கற்கவில்லை, போனில் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டான். இப்போது சனி, ஞாயிறுகளில் ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் ஒரு ஹோட்டல் பாண்டில் வாசித்துக் காசும் கொண்டுவருகிறான். அவன் அப்பா, மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் சேர்ந்து இசை டிப்ளோமா வாங்கு, இந்த வேலை நிலைக்காது என்கிறார். "வாசிக்கத் தெரிந்தவனுக்கு எதற்குப் பள்ளிக்கூடம்" என்கிறான் இவன். சாப்பாட்டு நேரத்தில் தினமும் இதே சண்டை. யார் சொல்வது சரி?
(பெயர் போட வேண்டாம் என்கிற ஓர் அம்மா, ரோஸ் ஹில், மொரிஷியஸ்)

அப்பா சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார், மகன் வாசிப்பைப் பற்றிப் பேசுகிறான். ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு வேறு விஷயத்துக்குச் சண்டை போடுகிறார்கள்.

சம்பளம் என்றால் அப்பா சொல்வதில் பாதி சரி. பள்ளியில் இசை ஆசிரியராகப் போக வேண்டும் என்று நினைத்தால் காகிதம் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஹோட்டல் மேனேஜர் காகிதம் கேட்க மாட்டார். இரண்டு பாட்டு கேட்பார், விருந்தாளிகள் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஆகவே முதலில் பையனிடம் ஒன்று கேளுங்கள்: நாற்பது வயதில் நீ பாண்டில் இருக்க ஆசைப்படுகிறாயா, வகுப்பறையிலா? பதில் தெரியாது என்றால் அதுவும் சரிதான், 19 வயதுதானே.

இனி வாசிப்பு. இன்று ராத்திரி அவன் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று சுருதியை மாற்றித்தரும் ஒரு பொத்தான் இருக்கும், அதை அணைத்துவிட்டு, தினமும் வாசிக்கிற பாட்டை இரண்டரைக் கட்டை சுருதியில் வாசிக்கச் சொல்லுங்கள். தானாகக் கற்ற கீபோர்டுக்காரர்களில் நான் பார்த்த பலபேர் வெள்ளைக் கட்டைகளிலேயே எல்லாப் பாட்டையும் பழகிவிட்டு, பாடுகிறவர் சுருதிக்கு அந்தப் பொத்தானை அழுத்திச் சமாளிக்கிறவர்கள். கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒருநாள் வரவேற்பறையில் நிஜமான பியானோ மட்டும் இருக்கும், பொத்தான் இருக்காது, பாட வந்த அம்மா ஐந்தரைக் கட்டை கேட்பார், அன்றைக்கு வியர்க்கும்.

நானும் யோக்கியன் இல்லை. சித்தப்பா வீட்டுப் பழைய ஆர்மோனியத்தில், ரேடியோவில் வரும் தமிழ்ப் பாட்டைக் கேட்டுக் கேட்டு நானே கற்றேன். எட்டு வருஷம் பஜனையில் வாசித்தேன், எல்லோரும் சபாஷ் என்றார்கள். அப்புறம் இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் ஒரு நிமிஷம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மோதிர விரலுக்கு என்ன ஆச்சு தம்பி, அடிபட்டுதா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, எட்டு வருஷமாக அந்த விரலை நான் தூக்கியே வைத்திருந்தேன் என்று. அதைச் சரிசெய்ய ஒன்றரை வருஷம் பிடித்தது. புதிதாகக் கற்க அவ்வளவு ஆகியிருக்காது, ஊறிப்போனதை உதறத்தான் அவ்வளவு. போனில் வரும் வாத்தியார் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் உங்கள் பிள்ளையின் விரலை அவர் பார்ப்பதில்லை பாருங்கள், என் வருத்தம் அது ஒன்றுதான்.

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு 1970இல் அடிக்கல் நாட்டினார்கள். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் என்று நம் சங்கீதத்தை டிப்ளோமா, பட்டம் வரை படிக்கலாம், நல்ல இடம். ஆனால் ஹோட்டல் பாண்டில் கார்டு (chord) பிடிக்கிற பையனை நேராக அங்கே தள்ளினால் மூன்றாவது மாதம் திரும்பி வந்துவிடுவான். மேற்கத்திய வழிதான் வேண்டும் என்றால் குவாத்ர் போர்னில் ஃபிரான்சுவா மித்தெரான் கன்சர்வத்வார் என்கிற இசைப் பள்ளி இருக்கிறது, விசாரிக்கட்டும். அதற்கும் முன்னால், டிப்ளோமா பேச்சையே எடுக்காமல், யாராவது நல்ல வாத்தியாரிடம் ஆறு மாதம், வாரம் ஒரு மணி நேரம். ஹோட்டல் காசிலேயே கட்டலாம். அப்பாவிடமும் சொல்லுங்கள், ஆறு மாதம் வாயைத் திறக்க வேண்டாம்.

இளையராஜா எந்தக் கல்லூரியில் படித்தார்? எஸ்.பி.பி. யாரிடம் சங்கீதம் கற்றார்? திறமை இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?
(ஒரு வாசகர், பூ பாசான்)

சாட்சிகளை மாற்றுங்கள், உங்கள் வழக்கு தோற்றுவிடும்.

இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய் மேடையில் கற்றது உண்மை. ஆனால் சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்தார், மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வை எழுதித் தங்கப் பதக்கமே வாங்கினார். ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவர் போய் மாணவராக உட்கார்ந்தார் என்பதைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள். எஸ்.பி.பி. பொறியியல் படிக்கப் போனவர், முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்காதவர், சரி. அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த சங்கராபரணம் பாட்டுகளை, இசையமைப்பாளர் கே.வி.மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி பக்கத்தில் இருந்து பாடம் சொல்லித்தான் அவர் பாடினார். இதை மறைக்கவும் இல்லை அவர். கல்லூரி இல்லை, சரி, வாத்தியார் இருந்தார்.

உங்களுக்கு ஒரு நல்ல சாட்சி நானே தருகிறேன், வீணை எஸ்.பாலசந்தர். 1954இல் பாட்டே இல்லாத அந்த நாள் படத்தை எடுத்தவர் அவர்தான். வீணைக்கு அவருக்குக் குரு கிடையாது, தானாகவே வாசித்து வாசித்து வேறு யார் மாதிரியும் இல்லாத ஒரு பாணிக்கு வந்து சேர்ந்தார். அவருடைய அண்ணன் எஸ்.ராஜம் பாபநாசம் சிவன், அரியக்குடி போன்றவர்களிடம் கற்ற பாடகர். தம்பி சின்ன வயதிலேயே அண்ணன் கச்சேரிகளில் கஞ்சிராவோடு உட்கார்ந்தவர். வீணைக்குத்தான் வாத்தியார் இல்லை, காதுக்கு வீடு முழுக்க வாத்தியார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் கவலையே படாதீர்கள்.

எங்கள் பஜனைக் குழுவில் டிப்ளோமா வாங்கிய ஓர் அண்ணன் இருக்கிறார். சுருதி சேராமல் பாடுகிறார். எப்படிச் சொல்வது?
(குழுவில் இளையவள், ரோஸ் பெல்)

சொல்லாதீர்கள். தம்பூரா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

மாமா, என் அப்பா வீடு தமிழ், அம்மா வீடு கிரியோல். அம்மாவின் அப்பா எனக்கு ரவான் என்கிற தோல் மேளம் கற்றுக்கொடுத்தார், ஒருநாளும் ஒன்று இரண்டு என்று எண்ணினதே இல்லை. இசைப் பள்ளியில் படிக்கிற நண்பன், எழுதிப் படிக்கத் தெரியாதவன் பாதி இசைக்காரன் என்கிறான். கோபமாக வருகிறது.
(ரவான் பிடித்த கை, ரிவியேர் நுவார்)

கோபம் நியாயம். சேகா, நம் கிரியோல் மக்களின் பாட்டும் ஆட்டமும், 1964இல் மோர்ன் மலையடியில் நடந்த சேகா இரவில் பாடகர் தி ஃப்ரேருக்கு ராஜா பட்டம் சூட்டினார்களே, எந்தக் காகிதத்தைப் பார்த்துச் சூட்டினார்கள்? 2014இல் யுனெஸ்கோ சேகா திப்பிக்கை, அதாவது மரபு சேகாவை, தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் உங்கள் தாத்தா மாதிரி கைகளை நம்பித்தான்.

எழுதினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். சேகாவை ஆறு எட்டு (6/8) தாளம் என்று எழுதுவார்கள், நம் கணக்கில் மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடை, தகிட தகிட. தாளில் ஆறும் ஒரே இடைவெளியில் நிற்கும். தாத்தா கையில் அப்படியா நிற்கிறது? ஒன்று கொஞ்சம் தள்ளி விழும், இன்னொன்று அவசரப்படும், அந்தத் தள்ளாட்டத்தில்தான் இடுப்பு அசைகிறது. தாளைப் பார்த்து அடிக்கிறவனுக்கு ஆறு கிடைக்கும், சேகா கிடைக்காது. நம் காவடியில் தப்பு மேளம் அடிக்கிறவர்களும் இப்படித்தான், தோலை நெருப்பில் காட்டி விறைப்பேற்றுவது முதற்கொண்டு. ரவானையும் அப்படித்தான் காய்ச்சுகிறீர்கள், உங்கள் இரண்டு தாத்தா வீடும் அந்த நெருப்படியில் சேர்ந்துவிடுகிறது.

இருந்தாலும் நண்பனிடம் போய் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், அவன் சொன்ன காரணத்துக்காக இல்லை. ரெகார்டிங்கில் பாஸ் கிடார்க்காரர் "எந்த இடத்தில் வருகிறாய்" என்று கேட்டால் வாயால் சொல்லத் தெரிய வேண்டும். அப்புறம் இன்னொன்று, தாத்தாவுக்கு எத்தனை அடி தெரியும் என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா? இந்த வாரமே போனில் பதிவு செய்யுங்கள். கையைப் படம் எடுங்கள், முகத்தை அப்புறம் எடுக்கலாம்.

எனக்கு 47 வயது. கோயிலில் தேவாரம் பாட ஆசை. பக்கத்தில் வகுப்பு இல்லை, போனைப் பார்த்துத்தான் பாடுகிறேன். அரை மணி நேரத்தில் தொண்டை வலிக்கிறது. வயதாகிவிட்டதா?
(ஒரு சகோதரி, கிளெமான்சியா)

வயது ஒன்றும் ஆகவில்லை, கட்டை தப்பு. போனில் பாடுகிறவர் ஆறு கட்டையில் பாடினால் நீங்களும் அங்கேயே ஏறிக் கத்துகிறீர்கள். தம்பூரா செயலியைப் போட்டு ஐந்து, நாலரை என்று இறக்கிப் பாருங்கள், மேல் பஞ்சமம் வரை கழுத்து நரம்பு புடைக்காமல் போக முடிகிற இடம்தான் உங்கள் சுருதி. வலி வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். சுருதியை இறக்கிய பிறகும் இரண்டு மூன்று வாரம் வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள், கஷாயத்தோடு விடாதீர்கள்.

காலையில் சரளி வரிசை என்கிற ஆரம்பச் சுரப் பயிற்சி, மூன்று வேகத்திலும், சலிப்பாகத்தான் இருக்கும். அப்புறம் தோடுடைய செவியனில் தொடங்கலாம், இப்போது கம்பீர நாட்டை ராகத்தில் பாடுகிறார்கள், ஐந்தே சுரம், வழி தவறினால் உடனே காது சொல்லிவிடும். பாடிப் பதிவு செய்யுங்கள், ஆனால் அன்றைக்கே கேட்காதீர்கள், அன்றைக்கு எல்லாம் இனிக்கும். மறுநாள் பால் காய்ச்சும்போது கேளுங்கள். மாதம் ஒரு தரம் உங்கள் கோயிலுக்கு வரும் ஓதுவாரிடமோ, போர்ட் லூயி போகும்போது பாடத் தெரிந்த யாரிடமாவதோ ஒரே ஒரு பதிகம் நேரில் பாடிக்காட்டி, எங்கே தப்பு என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள். நன்றாகப் பாடுகிறீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்றால், அடுத்த மாதம் வேறு ஆளைப் பாருங்கள்.