கொன்கோர்டியா குடிலுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: நாங்கள் பெர்னில் இருக்கிறோம். ஆகஸ்டில் மனைவியோடும் 11 வயது மகனோடும் யுங்ஃபிராவ்யோக் வரை ரயிலில் போய், அங்கிருந்து பனியில் நடந்து கொன்கோர்டியா மலைக்குடிலில் ஓர் இரவு தங்க ஆசை. படங்களில் பாதை சமதளமாகத்தான் தெரிகிறது. நல்ல மலைச் சப்பாத்து இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் போகலாமா? அங்கே மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா, நாங்களே கட்டிக்கொண்டு போகவேண்டுமா?

பதில்: குடிலில் தங்குங்கள், ஆனால் கொன்கோர்டியாவில் வேண்டாம். வழிகாட்டி இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கவே கூடாது.

படத்தில் சமதளமாகத் தெரிவது அலெட்ச் பனியாறு. ஆல்ப்ஸில் இதைவிடப் பெரிய பனியாறு கிடையாது. நீளம் 20 கிலோமீட்டருக்கும் மேல். 3454 மீட்டரில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் நிலையத்திலிருந்து குடிலின் அடிவாரம் வரை நீங்கள் மண்ணை மிதிக்கவே போவதில்லை, முழுக்கப் பனிக்கட்டிதான். அது மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் ஆழமான வெடிப்புகள் விழும். ஆகஸ்டில் பல வெடிப்புகளின் வாயை மெல்லிய பழைய பனி மூடியிருக்கும். கால் வைத்த பிறகுதான் தெரியவரும். ஒருவரோடு ஒருவர் கயிறு கட்டிப் போகவேண்டும். ஒருவர் விழுந்தால் மற்றவர்களுக்கு இழுத்தெடுக்கவும் தெரிந்திருக்கவேண்டும். சப்பாத்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வேலையைச் செய்யாது.

பனியைக் கடந்த பிறகு பாறைச் சுவரில் பொருத்திய இரும்புப் படிக்கட்டு வரும். 450-க்கும் மேற்பட்ட படிகள். 1877-இல் முதல் குடிலைக் கட்டியபோது அது பனிமட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில்தான் நின்றது. இன்று சுமார் 200 மீட்டர். குடில் இருந்த இடத்திலேயே இருக்க, பனி உருகிக் கீழே போய்விட்டது. அதைத் துரத்திக்கொண்டு படிக்கட்டும் கீழ்நோக்கி நீண்டது. மேலே போய்ச் சேர்ந்து கடைசிப் படியில் மூச்சு வாங்கி நிற்கும்போது, புவி வெப்பமடைவது பற்றி யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

குடில் என்பது எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்தால், அங்குள்ள விசித்திரமான விதிகள் எல்லாம் விளங்கும். ஆகவே கொஞ்சம் பழைய கதை. 1827-இல் ஹூகி என்ற சுவிஸ் ஆய்வாளர் உன்டரார் பனியாற்றின் மேலேயே ஒரு சிறு குடில் போட்டார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நொய்ஷாட்டெல் நகரத்துப் பேராசிரியர் அகாசி போய்ப் பார்த்தபோது, அது பனியோடு சேர்ந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்துபோயிருந்தது! பனியாறு ஓடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? அகாசி 1840-இல் அதே பனியாற்றில் ஒரு பெரும்பாறையின் அடியில் தங்கி ஆய்வு செய்தார். கூட இருந்தவர்கள் அந்தப் பாறைக்குக் கேலியாக ‘நொய்ஷாட்டெல்காரர் ஹோட்டல்’ என்று பெயர் வைத்தார்கள்.

1863-இல் ஓல்டன் நகரில் மலையேறுபவர்களின் சங்கமான சுவிஸ் ஆல்பைன் கழகம் தொடங்கியது. அதே ஆண்டில் டோடி மலையில் கழகத்தின் முதல் குடிலான குரூன்ஹார்ன் எழுந்தது. இன்று கழகத்திடம் 150-க்கும் மேற்பட்ட குடில்கள் உள்ளன. நோக்கம் ஒன்றுதான்: சிகரம் ஏறுபவர் முதல் நாளே பாதி உயரத்தில் படுத்துவிட்டு, இரவுக் குளிரில் பனி இறுகிக் கிடக்கும்போதே, விடியுமுன் கிளம்பவேண்டும். வெயில் ஏறினால் பனி இளகும், கல் உருளும். அதனால்தான் இரவுச் சாப்பாடு மாலை ஆறரைக்கே எல்லோருக்கும் ஒரே பந்தியாக நடக்கிறது. பத்து மணிக்கு அமைதி. மூன்று மணிக்கு யாராவது தலைவிளக்கோடு எழுந்து பையைக் குடைவார்கள்; அந்த ஆளைத் திட்டாதீர்கள், வீடு அவருக்காகக் கட்டியது.

உங்கள் மூவருக்கும் நான் சொல்வது லெம்மரன் குடில். வாலிஸ் மாநிலத்தில், கெம்மி கணவாய்க்கு மேலே, சுமார் 2500 மீட்டரில் இருக்கிறது. பெர்னிலிருந்து விஸ்ப் வழியாக லொய்க் வரை ரயில், பிறகு லொய்கர்பாட் வரை பேருந்து, அங்கிருந்து கெம்மிக்குத் தொங்குவண்டி. பிறகு ஓடைகள் பிரிந்து பிரிந்து ஓடும் அகன்ற சமவெளி. முடிவில் ஓர் ஏற்றம். பெரியவர்களுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். பையன் ஓடையில் கல் எறிய நின்றால் மூன்று. பனியாற்றில் கால் வைக்க வேண்டியதில்லை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை அடையாளத்தைப் பின்பற்றினால் போதும். மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள். அது கயிறும் அனுபவமும் கேட்கும் பாதை.

இடத்தை இணையத்தில் முன்பதிவு செய்யலாம். போக முடியாவிட்டால் ரத்து செய்ய மறக்காதீர்கள். பதிந்த ஆள் வராவிட்டால், வழியில் ஏதோ ஆகிவிட்டதோ என்று குடில் பொறுப்பாளர் கவலைப்படுவார்.

மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். மாடோ பன்றியோ சாப்பிடாதவர்களும் ‘மரக்கறி’ என்று எழுதிவிடுவதே சுலபம். சூப், ஒரு முக்கிய உணவு, இனிப்பு என்று வரும். காரத்தை எதிர்பார்க்க வேண்டாம், சின்னப் போத்தலில் ஊறுகாய் கொண்டுபோனால் யாரும் முறைக்க மாட்டார்கள். மதியத்துக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வழியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். குடிலுக்குள் சொந்த அடுப்பைப் பற்றவைக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

இரவுச் சாப்பாடு, படுக்கை, காலைச் சாப்பாடு சேர்த்துப் பெரியவர் ஒருவருக்கு 80 பிராங்கைத் தாண்டலாம். கழக உறுப்பினருக்கும் சிறுவருக்கும் குறையும். தண்ணீருக்குக்கூடக் காசா என்று கோபம் வரும். பல குடில்களில் குழாயில் வருவது பனி உருகிய நீர், குடிக்க ஏற்றதல்ல. மாவு முதல் எரிவாயு வரை ஹெலிகாப்டரில் வருகிறது. குளியலை மறந்துவிடுங்கள். குப்பையை நீங்களே கீழே கொண்டுவரவேண்டும்.

சப்பாத்தை வாசலிலேயே கழற்றவேண்டும், உள்ளே போட ரப்பர் செருப்பு வைத்திருப்பார்கள். வரிசையாகப் போட்ட மெத்தைகளில் பலரோடு படுக்கவேண்டும். போர்வை உண்டு, ஆனால் அதற்குள் நுழைந்து படுக்க மெல்லிய துணி உறைப்பை ஆளுக்கு ஒன்றாக நீங்கள் கொண்டுபோவது கட்டாயம். காதடைப்பான் என் சொந்தப் பரிந்துரை. குறட்டைக்கு எந்த விதியும் இன்னும் எழுதப்படவில்லை.

போய்ச் சேர்ந்ததும் குடில் பதிவேட்டில் பெயரோடு மறுநாள் போகும் இடத்தையும் எழுதுங்கள். ஆளைக் காணோம் என்றால் மீட்புக் குழு முதலில் புரட்டுவது அதைத்தான். ஆகஸ்டில் மதியத்துக்குப் பிறகு இடி மின்னல் வரும், ஆகவே காலையிலேயே ஏறிவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் குடிலுக்குத் தொலைபேசி போட்டுப் பாதை எப்படி என்று கேளுங்கள். பொறுப்பாளருக்குத் தெரிந்த அளவு எந்தச் செயலிக்கும் தெரியாது. அவசரம் என்றால் சுவிஸின் மற்றப் பகுதிகளில் ரேகா மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414. வாலிஸில் 144.