அட்வான்ஸ் 70,000, கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை

கேள்வி: வணக்கம் சார். என் மகள் சிதம்பரத்தில் பி.எஸ்சி. அக்ரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முதல் வருடம் ஹாஸ்டலில் இருந்து உடம்புக்கு முடியாமல் போனதால், இந்த ஜூனில் நான், அவள், ஒன்பதாவது படிக்கும் மகன் மூவரும் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கேயே குடிவந்துவிட்டோம். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். டவுனுக்குள் மாடி வீடு, வாடகை 9,000. அட்வான்ஸ் 70,000: இருபதாயிரம் ஜிபேயில், மீதி ரொக்கமாக. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, கேட்டதற்கு “நம்பிக்கைதானம்மா” என்றார் ஓனர். வாடகையும் கையில்தான் வாங்குகிறார், ரசீது கிடையாது. வந்ததும் மோட்டார் காயில் போய்விட்டது, 6,500 நான்தான் கொடுத்தேன். சமையலறையில் கடப்பா கல் ஷெல்ஃப், கீசர், இரண்டு ஃபேன், ஜன்னலுக்குக் கொசுவலை எல்லாம் எங்கள் செலவு. இப்போது “நாலு பசங்க வர்றாங்க, தலைக்கு 4,000 தர்றாங்க, நீங்க 12,000 குடுங்க, இல்லேன்னா மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்க” என்கிறார். அட்வான்ஸில் இரண்டு மாத வாடகையும் பெயின்ட் செலவு 15,000-மும் பிடித்துக்கொண்டு மீதிதான் தருவாராம், வாட்ஸ்அப் வாய்ஸில் சொல்லியிருக்கிறார். மோட்டார் ஸ்விட்ச் கீழே அவர் வீட்டில் இருக்கிறது, தண்ணீரை நிறுத்திவிடுவேன் என்கிறார். போன வாரம் நாங்கள் இல்லாதபோது மாற்றுச் சாவியால் திறந்து யாருக்கோ வீட்டைக் காட்டியிருக்கிறார். மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி ஆகஸ்டிலிருந்து எங்களோடு தங்கி மாதம் 2,500 தருகிறாள், அதையும் சொல்லி மிரட்டுகிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் ஒன்று. அந்த வாய்ஸ் மெசேஜை அழித்துவிடாதீர்கள். “அட்வான்ஸில் இவ்வளவு பிடித்துக்கொண்டு மீதி தருகிறேன்” என்று ஒருவர் தன் குரலிலேயே சொல்கிறார் என்றால், அட்வான்ஸ் வாங்கியதையும், நீங்கள் வாடகைதாரர் என்பதையும், திருப்பித் தரவேண்டிய பணம் தன்னிடம் இருப்பதையும் அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். ஒப்பந்தம் எழுதாமல் நீங்கள் இழந்ததில் பாதியை, உங்களை மிரட்டப்போய் அவரே திருப்பிக் கொடுத்திருக்கிறார். போனை மாற்றாதீர்கள், ரிப்பேருக்குக் கொடுத்து ரீசெட் பண்ணிவிடாதீர்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் இதைக் காட்டவேண்டி வந்தால் மின்னணுச் சாட்சியத்துக்கு உரிய சான்றிதழோடு தரவேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்யவேண்டியது மூலப் பதிவைக் காப்பாற்றுவது.

அந்த 50,000 ரொக்கம்தான் உங்கள் பலவீனமான இடம். வாய்ஸில் மொத்தத் தொகையை அவர் சொல்லியிருந்தால் கவலையில்லை. சொல்லாமல் “அட்வான்ஸ்” என்று மட்டும் சொல்லியிருந்தால் இன்றைக்கே மரியாதையாக ஒரு மெசேஜ் போடுங்கள்: “ஐயா, ஜூன் மாதம் அட்வான்ஸாக நாங்கள் கொடுத்த 70,000-ல் நீங்கள் சொன்ன பிடித்தம் போனால் எவ்வளவு வரும்? கணவருக்குச் சொல்லவேண்டும்.” சண்டை வேண்டாம், சட்டப் பிரிவு எதுவும் வேண்டாம். பெரும்பாலும் அவர் கணக்குப் போட்டுப் பதில் அனுப்புவார். அந்தப் பதில் உங்களுக்கு ஒரு ரசீது மாதிரி. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு இதைக் கேட்டால் பதில் வராது, அதனால் வரிசை முக்கியம். முதலில் மெசேஜ், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

சரி, காலி பண்ணச் சொல்வதற்கு வருவோம். மாடிப்படியில் நின்றுகொண்டு “மாசக் கடைசிக்குள்ள” என்று சொல்வதற்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. மாத வாடகையில் இருப்பவரைக் கிளப்ப, 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 106-வது பிரிவுப்படி குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, எழுத்தில், கையெழுத்திட்டு நோட்டீஸ் தரவேண்டும். நோட்டீஸ் வந்தாலும் அன்றைக்கே மூட்டை கட்டவேண்டியதில்லை. நீங்களாகப் போகாவிட்டால் அவர் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கித்தான் உங்களை வெளியேற்ற முடியும். எழுத்து ஒப்பந்தம் இல்லாத வாடகைக்கு வாடகை நீதிமன்றமா, சிவில் நீதிமன்றமா என்பதில் வக்கீல்களுக்குள் பெரிய விவாதம் உண்டு, அது அவருடைய தலைவலி. எந்த வழியாக இருந்தாலும் உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றுவதும் சாமானைத் தூக்கி வெளியே வைப்பதும் சட்டவிரோதம். அப்படியே செய்துவிட்டார் என்றாலும், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1963-ன் 6-வது பிரிவில் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டுக்குள் திரும்ப வர முடியும். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சே எழாது, நீங்கள் அங்கே இருந்தீர்களா, சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டீர்களா என்பது மட்டும்தான் கேள்வி.

நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கு இப்போதே காகிதம் சேருங்கள். கேஸ் புத்தகம், மகனின் பள்ளிப் பதிவில் உள்ள முகவரி, வீட்டுக்கு வந்த கூரியர் கவர், இன்டர்நெட் பில் எதுவும் உதவும். புரோக்கருக்குக் கமிஷன் கொடுத்திருந்தால் அவரோடு நடந்த பேச்சும் உதவும்.

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் கொண்டுவந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதுதான் அதன் அச்சாணி. இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு இல்லை, வேறு. வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாத ஒருவர், பொதுவாகக் கோட்டாட்சியர். பதிந்தால் ஓர் எண் தருவார்கள். அந்த எண் இல்லாமல் இந்தச் சட்டத்தின் சலுகையைக் கேட்டுப் போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அதனால், “மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாதாமே” என்று யாராவது உங்களிடம் சொன்னால் துள்ளிக் குதிக்காதீர்கள். சட்டம் அப்படிச் சொல்வது உண்மை, ஆனால் “வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் ஒழிய” என்ற வாலும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் மனமொப்பித்தான் ஏறக்குறைய எட்டு மாத வாடகையைக் கொடுத்திருக்கிறீர்கள். கூடுதலாக வாங்கிவிட்டார் என்று சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல், கொடுத்தது முழுதும் திரும்ப வரும் வழியைப் பாருங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் கட்டவேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தரவேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

இரண்டு மாத வாடகையைப் பிடிக்க அவருக்கு என்ன காரணம்? நீங்கள் பாக்கி வைக்கவில்லை. சீக்கிரம் காலி செய்தால் பிடிப்போம் என்று ஒப்பந்தம் இருந்தால் பேசலாம், இங்கே ஒப்பந்தமே இல்லை, தவிர காலி செய்யச் சொல்வதும் அவர்தான். பெயின்ட் இன்னும் வேடிக்கை. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளரின் வேலை என்றுதான் இருக்கிறது, வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் தவிர. நாலு மாதத்தில் சுவரைப் பாழாக்கியிருந்தால் அந்தச் சேதத்துக்குக் கொடுங்கள். முழு வீட்டுக்கும் புதுப் பெயின்ட் அடித்து அடுத்து வரும் பையன்களுக்குக் காட்ட உங்கள் காசு எதற்கு?

மோட்டார் விஷயத்தில் சட்டம் அவ்வளவு தெளிவு இல்லை. பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம், குழாய் வாஷர், ஸ்விட்ச், கொசுவலை மாதிரிச் சில்லறை வாடகைதாரர் பக்கம் என்று அட்டவணை பிரிக்கிறது. மேலே கீழே இரண்டு வீட்டுக்கும் பொதுவான மோட்டாருக்கு முழுச் செலவையும் நீங்கள் ஏற்றது என் கணக்கில் நியாயமில்லை. காயில் கட்டிய கடைக்காரரிடம் இப்போதாவது ஒரு பில் வாங்கி வையுங்கள். பேரம் பேசும்போது அந்த 6,500 கைகொடுக்கும்.

கீசர், ஃபேன், கொசுவலை மூன்றும் உங்களுடையவை, கழற்றி எடுத்துப் போகலாம். சுவரில் பதித்த கடப்பா கல்லைக்கூட, வீட்டை வாங்கிய நிலையில் திருப்பிக் கொடுத்தால் போகும்போது எடுத்துக்கொள்ள சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவு இடம் தருகிறது. எடுப்பதென்றால் சாவி கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், வெளியே போன பிறகு கேட்டால் கதை வேறு. கல்லைப் பெயர்த்தால் சுவரும் பெயரும், பூச்சுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அதை ஓனருக்கே ஒரு விலைக்குக் கொடுத்துவிடுவது லாபம்.

தண்ணீரை நிறுத்துவது பற்றி. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக்கூடாது என்று 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 20-வது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. உங்களிடம் பதிவு எண் இல்லை என்று யாராவது தயங்கினால், மாவட்ட முன்சீஃப் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன், அதாவது தடை உத்தரவு) வழக்குப் போட்டு இடைக்கால உத்தரவு கேட்கலாம், வெளியேற்றக்கூடாது, தண்ணீரை நிறுத்தக்கூடாது என்று இரண்டையும் சேர்த்தே. நிறுத்தினால் அந்த நிமிடமே, குழாயைத் திறந்து வெறுங்காற்று வருவதை நேரம் தெரிய வீடியோ எடுத்துவிட்டு, அவருக்கு ஒரு மெசேஜும் போட்டுவிடுங்கள்.

மாற்றுச் சாவியால் திறந்தது பெரிய தப்பு. வாடகைக்கு விட்ட பிறகு அது உங்கள் வீடு, முன்கூட்டியே 24 மணி நேர எழுத்து அறிவிப்பு கொடுத்து, காரணம் சொல்லித்தான் உரிமையாளர் உள்ளே வரலாம். இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கும் வீடு. இன்றைக்கே கடைக்குப் போய் உங்கள் சொந்தப் பூட்டு ஒன்று வாங்கி மாட்டுங்கள். அவருடைய பூட்டையும் சாவியையும் பத்திரமாக வைத்திருந்து காலி செய்யும்போது கொடுங்கள். மறுபடி வந்தால் போலீஸில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாடகைத் தகராறு, சிவில் மேட்டர் என்று அனுப்பப் பார்ப்பார்கள். வாடகையைப் பற்றிப் பேசாமல், அத்துமீறி நுழைந்ததைப் பற்றி மட்டும் புகாரில் எழுதுங்கள்.

இப்போது நீங்கள் கேட்க விரும்பாத பகுதி. மகளின் தோழி. உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விட்டால் அது வெளியேற்றத்துக்கு ஒரு காரணம். ஒரு பெண் உங்களோடு உங்கள் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, உங்கள் மகளின் அறையில் தூங்குவது உள்வாடகை ஆகாது என்று நான் வாதாடுவேன், ஏனென்றால் தனி அறை எதையும் அவளுக்கென்று நீங்கள் ஒப்படைக்கவில்லை. ஆனால் மாதாமாதம் “ரென்ட்” என்று குறிப்பு எழுதி ஜிபேயில் 2,500 வந்தால் என் வாதத்தில் ஓட்டை விழும். அது சாப்பாட்டுச் செலவுக்கான பங்கு என்றால் உண்மையில் அப்படியே இருக்கட்டும், அவளுடைய பெற்றோரிடமும் அதைப் பேசி வையுங்கள். புது ஒப்பந்தம் போடும்போது அவள் பெயரையும் உடன் தங்குபவராக எழுதிவிடுங்கள். இன்னொன்று, நல்லபடியாகப் போகிறதே என்று நாலைந்து பெண்களைச் சேர்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பெண்கள் விடுதி நடத்த 2014-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி உரிமம் வேண்டும், காலேஜ் ஊர்களில் இந்தக் கோட்டை அறியாமல் தாண்டிய அம்மாக்கள் நிறைய.

வாடகையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். “அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும்” என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இரண்டு மாதப் பாக்கி என்பது அவருக்கு நீங்களே தட்டில் வைத்துக் கொடுக்கும் காரணம். இந்த மாதத்திலிருந்து கையில் கொடுக்காமல், முன்பு அட்வான்ஸ் அனுப்பிய அதே ஜிபே எண்ணுக்கு 9,000 அனுப்பி, குறிப்பில் மாதத்தின் பெயரும் வாடகை என்றும் எழுதுங்கள். திருப்பி அனுப்பிவிட்டால் மணியார்டர் போடுங்கள், மறுத்துத் திரும்பிவந்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவு சொன்னாலும், மகளுக்கு இன்னும் இரண்டரை வருடப் படிப்பு இருக்கிறது, கீழே குடியிருக்கும் மனிதரோடு தினமும் முறைத்துக்கொண்டு இருப்பது நடக்கிற காரியமில்லை. என் யோசனை, ஊரில் நிலவும் வாடகையை விசாரித்து 500, 1,000 கூட்டித் தருகிறேன் என்று நீங்களே பேச்சை ஆரம்பியுங்கள். நாலு பையன்கள் 16,000 தருவார்கள் என்பது காதுக்கு இனிக்கும், லீவில் பாதி வாடகை கேட்பார்கள், படிப்பு முடிந்தால் சொல்லாமல் கிளம்புவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். பதிலுக்கு நீங்கள் கேட்கவேண்டியது எழுத்து ஒப்பந்தம். அதில் அட்வான்ஸ் 70,000 பெற்றுக்கொண்டதாக வரி, வருடத்துக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று வரி, மோட்டார் ரிப்பேர் யார் தலையில் என்று வரி, பெயின்ட் யார் என்று வரி, உங்கள் கீசரும் ஃபேனும் உங்களுடையவை என்று வரி. 11 மாதம் போட்டால் சார்பதிவாளரிடம் போகவேண்டியதில்லை, ஒரு வருடத்துக்கு மேல் என்றால் 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் போகவேண்டும். கொஞ்சம் செலவானாலும் இரண்டு வருடத்துக்கு எழுதிப் பதிவது உங்களுக்கு நல்லது, அவர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம். எதுவானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவதை விடாதீர்கள், ஓனர் வராவிட்டால் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

பேச்சு முறிந்து காலி செய்வதென்று ஆகிவிட்டால், பணம் கைக்கு வரும் நாளும் சாவி கைமாறும் நாளும் ஒன்றாக இருக்கட்டும். மீட்டர் ரீடிங், ஒவ்வொரு அறைச் சுவர், பாத்ரூம் எல்லாம் வீடியோ எடுங்கள். சாவி வாங்கிக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

வக்கீல் செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது ஜிபே ஸ்டேட்மென்ட், மோட்டார் பில், முகவரிக் காகிதங்கள், அந்த வாய்ஸ் இருக்கும் போன், நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும்.