வெளிநாட்டுப் பூச்சிப் பித்தர்களோடு உங்களுக்கு அப்படி என்ன பேச்சு? சலிப்பாக இருக்காதா?

பாதி நேரம் ஒருவரைப் பார்த்து ஒருவர் வயிறு எரிகிறோம். மீதி நேரம் ஒருவரை ஒருவர் வாருகிறோம். பூச்சியைப் பற்றிய பேச்சு இதற்கு நடுவில் எப்படியோ நடந்துவிடுகிறது. சலிக்க நேரம் இல்லை.

நான் ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர். ஆள் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதுகிற வேலை. எங்கள் கூட்டத்தில் இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஜப்பானின் நாகானோவில் பள்ளி ஆசிரியை ஒருவர், பிரேசில்காரர் ஒருவர், இன்னும் சிலர். பிரேசில்காரரை மட்டும் யாரும் வாருவதில்லை. அவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் சும்மா வந்து உட்காருவதை நாங்கள் ஆயுள் முழுதும் தேடினாலும் பார்க்க முடியாது; அந்தக் கடுப்பே போதும்.

ஜூலைக் கடைசியில் அந்துப்பூச்சி வாரம் வரும். அமெரிக்காவில் 2012-இல் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கைப் போட்டுவிட்டு, வருகிறவற்றைக் கணக்கெடுக்க வேண்டும். நான் என் எட்டு முழ வேட்டியைக் கட்டுவேன். சேலம் வெண்பட்டைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, அதைக் கட்டினால் என்ன, அந்துப்பூச்சி நூற்ற நூலில் அந்துப்பூச்சியே வந்து உட்காருமே என்று டெவன்காரர் கேட்டார். கல்யாணப் பட்டு வேட்டியை மழையிலும் பனிமூட்டத்திலும் கட்டிவைத்தால் பூச்சி வரும், நான் வீட்டுக்குள் போக முடியாது என்று பதில் எழுதினேன். அவருக்கு என்மேல் வேறொரு பொறாமையும் உண்டு. அங்கே பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் விளக்குப் பெட்டிக்குள் முட்டை அட்டைகளை அடுக்குவார்கள். அதன் குழிகளில் பூச்சிகள் பதுங்கிக்கொள்ளும். அவர் அக்கம்பக்கத்து வீடுகளில் ஆறு முட்டை அட்டையாகக் கேட்டுச் சேர்க்கிறார். நாமக்கல்லிலிருந்து வரும் முட்டை லாரியில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய அட்டைகளைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பேசவில்லை.

‘எச்சமா, பூச்சியா’ என்றொரு போட்டியும் உண்டு. இங்கிலாந்தில் ‘சைனீஸ் கேரக்டர்’ என்றொரு சின்ன அந்துப்பூச்சி இருக்கிறது. சிறகை மடக்கி உட்கார்ந்தால் அச்சாகப் பறவை எச்சம். டெவன்காரர் அதன் படம் என்று ஒன்றை அனுப்பினார். ஆசிரியை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது பூச்சியைப் போல நடிக்கும் எச்சம்” என்றார். அன்று தொடங்கிய போட்டி. என் கையிருப்பு, வீட்டு ஆரஞ்சு மரத்தில் வளரும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. பழுப்பு உடல், நடுவே வெள்ளைத் திட்டு, மேலே ஈரப் பளபளப்பு. உண்மையான எச்சம் வெயிலில் காய்ந்து ஓரம் வெடிக்கும். புழு உச்சி வெயிலிலும் ஈரமாகவே தெரியும். புல் நுனியால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகள் பிதுங்கி, ஒரு நாற்றமும் வரும். நாற்றத்தைப் படத்தில் அனுப்ப முடியாததால் இதுவரை தோற்றதில்லை.

படித்த பெரிய மனிதர்களும் இப்படித்தான் என்பது எங்களுக்கு ஆறுதல். பார்சலில் வந்த குளவிகளைப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர் ஆர்னால்ட் மெங்கி, “ஆஹா, புதுப் பேரினம்!” என்று கூவினாராம். பக்கத்திலிருந்த எரிக் கிரிசெல் நம்பாமல் “ஹா” என்றாராம். மெங்கி சொன்னதுதான் சரி. 1977-இல் அந்த ஆஸ்திரேலியக் குளவிக்கு ‘ஆஹா ஹா’ என்றே அறிவியல் பெயர் வைத்துவிட்டார். தன் கார் நம்பர் பலகையிலும் அதையே எழுதிக்கொண்டார்.

ஆனால் உண்மையான சண்டை வண்டுகளால்தான். ஜப்பானில் கோடையில் கொம்பு வண்டைக் கடையில் விலைக்கு வாங்கி, குப்பியில் ஜெல்லி ஊட்டிப் பிள்ளைகள் வளர்ப்பார்கள். அதன் உறவான காண்டாமிருக வண்டை நம் தென்னந்தோப்புகளில் கொண்டையிலிருந்து கம்பிக் கொக்கியால் குத்தி எடுப்பார்கள், ஆமணக்குப் புண்ணாக்கு ஊறிய பானையில் விழவைப்பார்கள். இதைச் சொன்னதும் ஆசிரியை எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

அதே ஆசிரியைதான் எங்கள் காப்பிச் செடியைக் குடையும் வண்டான வெள்ளைத் தண்டுத் துளைப்பானைப் பார்த்துச் சொக்கிப்போனார். ஒல்லியான கறுப்பு உடல், குறுக்கே சாம்பல் வெள்ளைப் பட்டைகள், வெயில் படும் தண்டில் விறுவிறுவென்று ஏறும். அழகுதான், மறுக்கவில்லை. பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு அரேபிகா வகைக் காப்பிச் செடியின் தண்டுக்குள் குடைந்து, போன வழியைத் தூளால் அடைத்துக்கொண்டே போகும். வெளியே தண்டைச் சுற்றி மேடு தெரிந்து இலை மஞ்சளானால், பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. முட்டையிட இடம் கிடைக்காதபடி தேங்காய் நார்க் கையுறையால் தண்டைத் தேய்ப்பது எங்கள் ஆட்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் வேலை. நான் படமெடுப்பதைப் பார்த்த மேஸ்திரி அண்ணன், “தம்பி, போட்டோ எதற்கு? எல்லாவற்றையும் பார்சல் கட்டி அந்த அம்மாவுக்கே அனுப்பிவிடுங்கள், தோட்டம் பிழைக்கும்” என்றார். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி அப்படியெல்லாம் அனுமதியின்றி அனுப்ப முடியாது என்று விளக்கினேன். இந்தச் சனியனுக்கும் சட்டப் பாதுகாப்பா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வண்டு பறக்கும். அந்தச் சமயத்தில் நேரில் பார்க்க வருகிறேன் என்கிறார் ஆசிரியை. அண்ணனிடம் சொன்னேன். “வரட்டும் தம்பி. ஒரு ஜோடி கையுறை எடுத்து வைக்கிறேன். பார்த்து முடித்ததும் நான்கு வரிசை தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும். கூலியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.” அதை அப்படியே அவருக்கு எழுதினேன். கூலியைக் காப்பிக்கொட்டையாகத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.