பாக்ஸ்வுட் வாடுகிறதா? வாளியைக் கீழே வையுங்கள்

கேள்வி: அக்கா, வேலிக்கு வளர்க்கிற பாக்ஸ்வுட் புதர்ச்செடி, நட்டு இரண்டு வருடம் ஆகிறது. தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை மஞ்சளாகிறது, ஒரு பக்கக் கிளை காய்ந்தே போய்விட்டது. இன்னும் அதிகமாக ஊற்றட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இந்தச் செடியின் வேர் ஆழம் போகாது, மேல்மண்ணிலேயே பரவும். அங்கே நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறும், பைட்டோப்தோரா என்கிற வேரழுகல் நுழையும். வேர் அழுகிய செடியும் தண்ணீர் காணாத செடியும் ஒரே மாதிரிதான் வாடும். அதைப் பார்த்துப் பதறி மேலும் ஊற்றி, நாமே கொன்றுவிடுகிறோம். ஓரமாகத் தோண்டி நாலைந்து வேரை எடுத்துப் பாருங்கள். வெளுப்பாக, உறுதியாக இருந்தால் நல்லது. கறுத்து, விரலால் இழுத்ததும் தோல் உருவிக்கொண்டு வந்தால் அழுகல்தான். வேரில் பெரும்பகுதி அப்படிப் போயிருந்தால் செடி தேறாது. பிடுங்கிய குழியிலேயே இன்னொரு பாக்ஸ்வுட் வைத்துவிடாதீர்கள். நோய் மண்ணில் இருக்கும்.

கேள்வி: புதிதாக நடப்போகிறேன். குழி எவ்வளவு ஆழம்?

பதில்: வேர்க்கட்டின், அதாவது வேரைச் சுற்றியுள்ள மண்கட்டியின், உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக. அகலம் இரண்டு மடங்கு. நட்ட பிறகு வேர்க்கட்டின் தலை தரையைவிட ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6.5 முதல் 7.2 வரை இருந்தால் இதற்குப் பிடிக்கும். மண்ணின் மேல் பரப்பும் மூடாக்கு 2 அங்குலம் போதும், தண்டைத் தொடக் கூடாது.

கேள்வி: மாதாமாதம் உருண்டையாக வெட்டிவிடுகிறேன். வெளியே பச்சை, உள்ளே விலக்கிப் பார்த்தால் வெறும் குச்சி. ஏன்?

பதில்: அந்த உருண்டைதான் காரணம். நுனியை மட்டும் திரும்பத் திரும்ப வெட்டினால் மேலே கூரை போட்டதுபோல அடைத்துக்கொள்ளும். உள்ளே வெளிச்சமும் போகாது, ஈரமும் காயாது. கத்தரியோடு கையை உள்ளே விட்டு, அங்கங்கே ஒரு சாண் நீளக் கிளையைக் கவட்டோடு எடுங்கள். வெட்டின சுவடே வெளியே தெரியக் கூடாது, அதுதான் நல்ல கவாத்து. பழைய கட்டையிலிருந்தும் இது துளிர்க்கும், பயப்பட வேண்டாம். ஆனால் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் இரண்டு மூன்று வருடத்தில் சரிசெய்யுங்கள். உறைபனி விழும் இடமென்றால் குளிர் முடியும் நேரம் வெட்டுங்கள். கோடை முடிவில் வெட்டினால் அப்புறம் வரும் இளந்தளிர் பனியில் கருகிவிடும்.

கேள்வி: இலையின் அடியில் கொப்புளம், கிழித்தால் மஞ்சள் புழு!

பதில்: இலைத்துளைப்பான். கொசு மாதிரி ஆரஞ்சு நிற ஈயாக வசந்தத்தில் வெளியே வந்து புது இலையில் முட்டையிடும். அதற்கு முன்பே கவாத்து செய்து வெட்டியதை அப்புறப்படுத்தினால் நிறையப் புழு அதோடு போய்விடும்.

கேள்வி: பத்தே நாளில் பாதி இலை கொட்டிவிட்டது. மருந்து சொல்லுங்கள்.

பதில்: மருந்துக்கு முன் கிளையைப் பாருங்கள். நூலாம்படையும் கடித்த இலையும் பச்சை எச்சமும் இருந்தால் பாக்ஸ்வுட் அந்துப்பூச்சியின் புழு. சின்னப் புழுவாக இருக்கும்போதே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்கிற பாக்டீரியா மருந்தைத் தெளித்தால் அடங்கும். இலையில் பழுப்புப் புள்ளி, இளந்தண்டில் கருங்கோடு என்றால் கருகல் நோய். இங்கிலாந்தில் 1990களில் தலைகாட்டி, 2011இல் அமெரிக்காவிலும் இருப்பது உறுதிசெய்யப்பட்ட பூஞ்சணம் இது. மருந்து பரவாமல் தடுக்குமே தவிர, வந்ததை ஆற்றாது. செடியை உதிர்ந்த இலையோடு பையில் கட்டி அகற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இந்தப் பூஞ்சண வித்து ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள். மிச்சமுள்ளவற்றுக்கு மேலிருந்து தண்ணீர் தெளிக்காமல் அடியில் விடுங்கள்.

கேள்வி: செடிப் பக்கம் போனாலே பூனை மூத்திர வாடை. எங்கள் வீட்டில் பூனையே கிடையாது அக்கா!

பதில்: செடியின் வாடைதான் அது. சில ரகத்தில் அதிகம், வாசல் பக்கம் வைக்காதீர்கள். நாய், ஆடு இருந்தால் கவனம், இலை விஷம்.

கேள்வி: எப்போது இடுப்பளவு வேலி ஆகும்?

பதில்: சஃப்ருட்டிகோசா என்கிற குட்டை ரகமா? வருடத்துக்கு ஓர் அங்குலம் வளர்ந்தாலே பெரிது. இப்படி நிதானமாக வளர்வதால்தான் இதன் கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். இடுப்பளவு வேலி வேண்டுமென்றால் வேறு ரகம் பாருங்கள்.