போனஸ் கொழுந்தனாருக்கு, புயலுக்குத் தண்டலா?

கேள்வி: வடசென்னை கொருக்குப்பேட்டையில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் கன்டெய்னர் யார்டில் வேலை, நான் வீட்டிலேயே தைக்கிறேன். இரண்டு பிள்ளைகள், இன்சுலின் போடும் மாமியார். 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், பைக் இன்ஜின் போய்விட்டது. தீபாவளி போனஸ் 22,000 வரும், அதில் 15,000 கொழுந்தனார் கைமாற்றாக வாங்கி மெதுவாகத் திருப்பித் தருவார். புயல் மழை வந்தால் ஒவ்வொரு வருடமும் 20,000 தண்டல், அதாவது தினமும் திருப்பிக் கட்டும் வட்டிக் கடன், எடுத்துத்தான் சமாளிக்கிறோம். இந்த வருடம் ஈஎம்ஐயில் இன்வெர்ட்டரும், ஒரு ஆப்பில் வரும் புயல் இன்சூரன்ஸும் எடுக்கலாமா?

பதில்: துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் என்ன செய்ய வேண்டும் என்று கொருக்குப்பேட்டைக்காரருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் பிடித்து வைப்பது, மெழுகுவத்தி, எல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு இடித்தது அந்தக் கொழுந்தனார் வரிதான்.

தண்டல் 20,000 என்றால் கையில் 17,000 தருவார்கள், தினம் 200 வீதம் 100 நாள் கட்டுவீர்கள், சரிதானே? வட்டி 3,000 தானே என்று தோன்றும். ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக உங்கள் கையில் இருப்பது 8,500 சொச்சம்தான், அதற்கு நூறு நாளில் 3,000 வட்டி, வருடக் கணக்கில் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். கொழுந்தனாருக்கு வட்டியில்லாமல் 15,000 கொடுத்துவிட்டு அடுத்த மாதமே நீங்கள் இந்த வட்டிக்கு வாங்குகிறீர்கள். அவர் கடனுக்கு நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள், மூன்று மழைக்காலத்தில் 9,000 போயிருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. தீபாவளி போனஸ் வருவதும் அதே சமயத்தில்தான். அதனால் அந்தப் பணத்தில் 12,000 புயல் பணம். பள்ளிக்கட்டணம் மாதிரி வருடா வருடம் வரும் செலவு இது. அதில் 5,000-ஐ நூறும் ஐம்பதுமாக வீட்டில் வையுங்கள், மீதி பேங்கில் இருக்கட்டும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, கையில் நோட்டும் இல்லை, கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. அந்த நாட்களை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மிக்ஜாமுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாயும் ரேஷன் கடைக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது, அதுவரை வீடு ஓட வேண்டுமே.

மாமியாருக்கு ஒரு மாத இன்சுலின் அக்டோபரிலேயே கூடுதலாக வாங்கிவிடுங்கள். கரண்ட் போனால் பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஈர மணல் போட்ட மண்பானைக்குள் வைக்கலாமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் வேண்டாம். முழங்கால் தண்ணீர் வரும் தரைத்தளத்தில் முதலில் மூழ்குவது அந்த பேட்டரிதான், அது செத்த பிறகும் மாதா மாதம் ஈஎம்ஐ மட்டும் உயிரோடு இருக்கும். சார்ஜ் லைட் இரண்டு, ஒரு பவர்பேங்க், எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் சொச்சத்தில் முடியும்.

அந்த ஆப் பாலிசி எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில், காற்றின் வேகம் ஒரு அளவைத் தாண்டினால்தான் பணம் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. உங்களுக்கு நஷ்டம் காற்றால் வந்ததா? மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கம், நமக்கு வந்தது மழை, வெள்ளம். இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பாலிசியைக் கேளுங்கள், புயல், வெள்ளம் இரண்டும் அதில் அடங்கும், வாடகைக்காரர் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுக்க முடியும். அதைவிட அவசரம் பைக். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. முழு பாலிசிக்கு மாறுங்கள், இன்ஜினுக்கான கூடுதல் கவர் உண்டா என்றும் கேளுங்கள், அப்புறம் தண்ணீரில் நின்ற வண்டியைத் தயவுசெய்து கிக் அடிக்காதீர்கள். தண்ணீர் வடிந்ததும் பலருக்கு இன்ஜின் போவது அந்த ஒரு உதையில்தான், கிளெய்மும் அதோடு சிக்கலாகிவிடும்.

கொழுந்தனாருக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன், திருப்பித் தருகிற மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள். பொங்கல் முடிந்ததும் புயல் பணத்தில் எவ்வளவு மிச்சமோ அதை மட்டும் கொடுங்கள், ஆகஸ்டுக்குள் திரும்பி வர வேண்டும். இதை உங்கள் கணவரே தம்பியிடம் சொல்லட்டும், நீங்கள் சொன்னால் அண்ணி தடுக்கிறார் என்று ஆகிவிடும். ஆயுத பூஜைக்கு முன்னாலேயே சொல்லிவிடட்டும், அவரும் தீபாவளிக்கு வேறு ஏற்பாடு பார்க்க வேண்டுமே.