வேதாரண்யம் பக்கம் புது வீட்டுக்கு மங்களூர் ஓடு போடப் போகிறோம். அகலம் 16 அடி, நீளம் 30 அடி. முகட்டிலிருந்து சுவருக்குச் சரிவாக இறங்கும் கைமரங்களை எப்படித் திட்டமிடுவது?

முதலில் ஓட்டை வாங்கிப் போடுங்கள், மரத்துக்கு அப்புறம் அளவு கொடுக்கலாம். எங்கள் டெல்டா பக்கம் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது: சுவர் எழும்பியதுமே மரக்கடைக்கு ஓடிவிடுவார்கள்.

ஓட்டின் பின்பக்கக் கொக்கி ரீப்பரில், அதாவது கைமரங்களுக்குக் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டத்தில், உட்கார வேண்டும். ரீப்பருக்கு ரீப்பர் பன்னிரண்டரை அங்குலம் என்று பொதுவாகச் சொன்னாலும், சூளைக்குச் சூளை இது மாறும். வந்த லோடில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை எடுத்துத் தரையில் ஒரே வரிசையாகக் கோத்துப் பாருங்கள். நெருக்கி வைத்து ஒரு முறை, இழுத்து வைத்து ஒரு முறை அளந்து, நடு அளவை ஆசாரியிடம் கொடுங்கள். முகட்டில் அரை ஓடு வெட்ட வேண்டிய தொல்லை இருக்காது. இறவானத்து, அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பின், முதல் ரீப்பர் மட்டும் ஓட்டுத் தடிமன் அளவுக்கு உயரமாக இருக்கட்டும். இல்லையென்றால் முதல் வரிசை தலை கவிழ்ந்து நிற்கும்.

இனி நீளம். பாதி அகலம் 8 அடி. வாட்டம் 30 டிகிரி வைத்தால் முகடு 4 அடி 7 அங்குலம் எழும்பும், கைமரம் 9 அடி 3 அங்குலம் வரும். இறவானம் ஒன்றரை அடி சேர்த்தால் 11 அடி. 12 அடி மரமாக வாங்குங்கள், வெட்டுக்குச் சரியாக இருக்கும். 2 அடிக்கு ஒன்று என்றால் பக்கத்துக்கு 16, மொத்தம் 32. ஓடு ஏறக்குறைய ஆயிரம் பிடிக்கும். ஒன்று இரண்டரை கிலோ என்றாலும் காய்ந்த ஓடே இரண்டரை டன். மழையில் ஊறினால் இன்னும் கூடும்.

இந்தப் பாரம் கைமரத்தின் அடியை வெளியே தள்ளும். கவிழ்த்து வைத்த புத்தகத்தின் முதுகை அழுத்தினால் இரண்டு அட்டையும் விலகுமே, அது மாதிரி. எதிரெதிர்க் கைமரங்களைச் சுவர் மட்டத்தில் குறுக்குச் சட்டத்தால் பிணைத்தாக வேண்டும். முகட்டுக்குப் பக்கத்தில் சின்னக் கட்டை அடித்தால் இந்தத் தள்ளலுக்கு ஆகாது. சுவர்மேல் உட்கார எடுக்கும் வாய்வெட்டும் மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சில ஆசாரிகள் நன்றாக உட்காரட்டும் என்று பாதிவரை வெட்டிவிடுவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

உங்கள் ஊருக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்ததே அங்கேதான். புயல் கூரையைக் கீழிருந்து தூக்கும், அதனால்தான் இறவானத்தை ஒன்றரை அடியோடு நிறுத்தச் சொன்னேன். சுவர் உச்சியில் சுற்றிலும் பட்டையாகப் பெல்ட் கான்கிரீட் போடும்போதே போல்ட் பதித்துவிட்டு, ஒவ்வொரு கைமரத்தையும் இரும்புப் பட்டையால் அதில் பிடித்துக் கட்டுங்கள். ஓரத்து வரிசைகளிலும் முகட்டையொட்டியும் ஓட்டை ரீப்பரோடு கம்பியால் கட்டுவது நல்லது.

மரம் எதுவென்று கேட்டால், வைரம் பாய்ந்த பனங்கைதான், அதாவது பனைமரத்தில் அறுத்த கைமரம்தான், என் தேர்வு. ஆனால் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. பழைய வீடு பிரிக்கும் இடங்களில் விசாரியுங்கள், நல்ல பனங்கை கிடைக்கும். வாங்கும்போது சுவருக்குள் இருந்த முனையைத் தட்டிப் பாருங்கள். உளுத்துப் போகிறதென்றால் அங்கேதான் தொடங்கும். இரண்டு அடி வெட்டிப் போட்டாலும் 11 அடி மிஞ்சுகிற மாதிரி எடுங்கள்.